எங்கண்ணன் பாதிப் பாட்டு பாடுன தேதி

ரேடியோண்ணே! ஏ ரேடியோண்ணே! காலையிலேயே ஸ்பீக்கர் கட்டிட்டானுவ, கேக்குதா? கழக்கூட்டம் ஜங்ஷன்ல அந்தப் பெரிய பாட்டுக்காரரு படத்த வெச்சு, மால போட்டு, வெளக்கு கொளுத்தி, அவரு பாட்டாவே போடுதானுவ. டீக்கடையில அவரு, ஆட்டோவுல அவரு, எங்க மெஸ்ல பாத்திரம் கழுவுற அக்கா வாயிலயும் அவரு. இன்னைக்கு அவரு செத்த நாளாம். ஊரே உருகுது. ஒன்ன நெனச்சு ஒரு நாயும் ஊளையிடல.

ரேடியோன்னு சொன்னது எங்கண்ணனோட சொந்தப் பேரு இல்ல. கூட வேல பாக்குறவங்க வெச்ச பேரு. அவன் போனதும் சொந்தப் பேர ஊர்ல ரேஷன் கார்டுல கோடு போட்டு அடிச்சாங்க. அதப் பாத்ததுக்குப் பொறவு அந்தப் பேர எழுத எனக்குக் கை வரல. நாங்க திருநெல்வேலிப் பக்கம். அப்பா இல்ல. அம்மா, அண்ணன், நான், மூணு பேரும் பொழைக்க இந்த மலையாளத்து ஊருக்கு வந்து ஒத்த ரூம்ல இருந்தோம். நான் ஊர்ல ஆறாங்கிளாஸ் வரைக்கும்தான். இங்க ஸ்கூல்ல எல்லாம் மலையாளம், நான் போகல. கம்பெனிப் பொண்ணுங்க தங்குற ஹாஸ்டல்ல காய் வெட்டுதேன். எழுத்துல தப்பு இருந்தா நீங்களே திருத்திப் படிச்சுக்கிடுங்க.

அண்ணனுக்கு ரோட்டோரம் குழி தோண்டுற வேல. கேபிளுக்குத் தோண்டணும், பைப்புக்குத் தோண்டணும். மழக்காலம் வந்தா முட்டளவு தண்ணியில நின்னு தோண்டணும். சாக்கடத் தண்ணியா மழத் தண்ணியான்னு யாரு பாக்கா. காலையில ஜங்ஷன்ல நம்ம ஆளுங்க முப்பது நாப்பது பேரு மம்பட்டியோட நிப்பாங்க, காண்ட்ராக்டர் வண்டி வந்து ஏத்திட்டுப் போவும். அந்த வண்டி வாற வரைக்கும் எங்கண்ணன்தான் அங்க ரேடியோ.

அவனுக்கு ஒரு கிறுக்கு. ஒவ்வொரு நாளும் அந்தத் தேதியில பாட்டு ஒலகத்துல என்ன நடந்துச்சுன்னு போன்ல தேடித் தேடி எடுப்பான். யாரு பொறந்தா, யாரு செத்தா, எந்தப் பாட்டு மொத மொத ரெக்கார்டு ஆச்சு, எந்தப் பாட்டுக்காரிய முதல்ல வேண்டாம்னு சொல்லி ஸ்டூடியோவுல இருந்து திருப்பி அனுப்புனாங்க, எல்லாம். எடுத்து ஜங்ஷன்ல நின்னு செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லுவான்.

"ஏலே ரேடியோ, இன்னைக்கு யாருல செத்தா?"

"இன்னைக்கு யாரும் சாவல. ஒருத்தரு பொறந்திருக்காரு. எல்லாரும் கையத் தட்டுங்கல."

"அவரு பொறந்து எனக்கென்ன? இன்னைக்கு வேல உண்டா இல்லியான்னு ஒன் போன்ல போட்டிருக்கா, அதச் சொல்லு."

"அது அடுத்த செய்தியில."

இப்பிடித்தான் பேச்சு போவும். மலையாளத்து ஆளுங்க கூட டீ கிளாஸப் பிடிச்சிக்கிட்டு நின்னு கேப்பாங்க. வண்டி வந்ததும் அவன் பாட்டுக்கு ஒரு வரி பாடிக்கிட்டே ஏறுவான். நல்லா பாடுவான். அண்ணன்ங்கிறதுக்காகச் சொல்லல. நான் அவன எவ்வளவோ திட்டியிருக்கேன், ஆனா பாட்ட மட்டும் ஒண்ணும் சொன்னதில்ல.

வருசத்துல எல்லா நாளும் அவனுக்கு ஏதாவது ஒண்ணு கெடைக்கும். ஆனா இந்தத் தேதி அவனுக்குத் தீவாளி. அந்தப் பெரியவரு போனது இந்தத் தேதி. அதுக்கு எத்தனையோ வருசத்துக்கு முன்னால ஒரு பாட்டுக்காரி பொறந்ததும் இதே தேதி. வெளிநாட்டுல என்னமோ ஒரு கூட்டம் சேந்து பாடி ஒலகத்தையே ஆட வெச்ச பாட்டுத் தட்டு வெளிவந்ததும் இதே தேதியாம். "ஒரே நாள்ல ஒருத்தி வாரா, ஒருத்தரு போறாரு, நடுவுல வெள்ளக்காரன் கிட்டார் வாசிக்கான் பாத்தியாட்டி"ன்னு என் மண்டையில தட்டிச் சொல்லுவான். எனக்கு வெங்காயம் உரிக்கிற நேரம். போடான்னுருவேன்.

தம்பானூர்ல ஒரு ஹால்ல பாட்டு ரசிகர் சங்கம் ஒண்ணு வருசா வருசம் இந்தத் தேதியில நிகழ்ச்சி வைக்கும். இந்தத் தேதியில நடந்ததெல்லாம் ஒரு லிஸ்டா மேடையில வாசிப்பாங்க. பொறவு உள்ளூரு ஆளுங்க பாடலாம். தமிழுக்கு ஒரே ஒரு எடம். அதுக்கு எங்கண்ணன் மூணு வருசம் அலைஞ்சான். மொத வருசம் நாள் தாண்டிப் போச்சுன்னாங்க. ரெண்டாம் வருசம், ஒரு பேங்குல வேல பாக்குற அம்மா பாடுதாங்க, அடுத்த தடவ பாப்போம்னாங்க. போன வருசம் செக்ரட்டரி சாரே போன் பண்ணி, "ஒரு பாட்டு, கரோக்கேல, வெள்ளச் சட்ட போட்டு வரணும்"னாரு. எங்கண்ணன் அன்னைக்குத் தண்ணி லாரி மேல ஏறி நின்னு கத்தினானாம். அம்மா பயந்து போயி திருஷ்டி சுத்திப் போட்டா.

இனிமே எழுதப் போறத இதுவர யாருகிட்டயும் நான் சொல்லல. அம்மாவுக்குக் கூடத் தெரியாது.

தண்ணியில எறங்கி வேல செய்யுறவங்களுக்கு இங்க வாரா வாரம் மாத்திர குடுப்பாங்க. எலிக்காய்ச்சல் வராம இருக்க. எலி மூத்திரம் கலந்த தண்ணி கால் புண்ணு வழியா ஏறுனா வாற காய்ச்சல் அது. எங்க லைனுக்கு ஆஷா சேச்சி ஒருத்தங்க வருவாங்க, வீடு வீடாப் போயி சொகம் விசாரிச்சு மாத்திர குடுக்கிறவங்க. மழையானாலும் கொடையப் பிடிச்சு வந்து, எண்ணி ரெண்டு மாத்திர கையில வெப்பாங்க. "வயிறு நெறைய சாப்பிட்டு, தண்ணி நெறைய குடிச்சு போடணும். போட்டதும் படுக்கக் கூடாது"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க. ஒரு நோட்டுல பேருக்கு நேரா டிக் போடுவாங்க.

நம்மாளு என்ன செஞ்சான்? வேல முடிஞ்சு வந்த அலுப்புல ஒரு வாய் தண்ணியில ரெண்டையும் முழுங்கிட்டு அப்பிடியே படுத்துட்டான். மாத்திர தொண்டக்குழியிலேயே நின்னு புண்ணாக்கிருச்சு போல. மூணு நாளு நெஞ்செரிச்சல். எச்சி முழுங்க முடியல. கொரலு கரகரன்னு ஆயிப் போச்சு. நிகழ்ச்சிக்கு ஒரு மாசம்தான் இருக்கு. பயந்துட்டான்.

"இது தொண்டையக் கெடுக்குது. அந்த நாள் முடியட்டும், பொறவு போட்டுக்கிடுதேன்."

"சேச்சி கேட்டா?"

"போட்டுட்டான்னு சொல்லேன். ஒரு மாசந்தானட்டி."

நாலு வாரம் சேச்சி வந்தாங்க. அவன் வேலைக்குப் போயிருப்பான், நான் மெஸ்ஸுக்குக் கெளம்பிக்கிட்டு நிப்பேன். "மோளே, சேட்டன் குளிக கழிச்சோ?"ன்னு கேப்பாங்க, மாத்திர சாப்பிட்டானான்னு. "சாப்பிட்டான் சேச்சி"ன்னு சொல்லுவேன். டிக் போடுவாங்க. அந்த வாரத்து மாத்திரயக் குடுப்பாங்க. நான் வாங்கி ஜன்னல் ஓரம் சீப்பு டப்பாவுல போடுவேன். நாலு வாரமும் நாலு பொய். எனக்கும் ஆச இருந்துச்சு, அதையும் சொல்லிருதேன். ஹாஸ்டல்ல எல்லா பொண்ணுங்ககிட்டயும், எங்கண்ணன் ஹால்ல பாடப் போறான்னு பீத்தி வெச்சிருந்தேன். அந்தப் பொண்ணுங்க மூஞ்சியில பொசுக்குன்னு ஒரு மரியாத வந்துச்சே, அத விட எனக்கு மனசில்ல.

நிகழ்ச்சிக்கு ரெண்டு நாளைக்கு முன்னால காய்ச்சல் வந்துச்சு. கெண்டக்கால் வலிக்குதுன்னான். தோண்டுற கால் வலிக்கத்தான செய்யும்னேன். கண்ணு செவந்திருந்துச்சு. பாடிப் பாடி ஒறக்கம் கெட்டதுன்னான். மெடிக்கல்ல காய்ச்சல் மாத்திர வாங்கிப் போட்டான். அது தொண்டையக் கெடுக்காதாம். அந்த நெலமயிலயும் அவனுக்குத் தொண்டதான் கவல.

அந்த நாளு மத்தியானமே போயிட்டோம். அம்மா வரல, அவளுக்குக் கூட்டம்னா ஆகாது. ஏசி ஹாலு. வெள்ளச் சட்டைக்கு மேல என் துப்பட்டாவப் போத்திக்கிட்டு ஒரு ஓரத்துச் சேர்ல ஒக்காந்திருந்தான். மேடையில பேசுதாங்க, பேசுதாங்க, பேசிக்கிட்டே இருக்காங்க. ஒருத்தரு, தான் அந்தப் பெரியவரு கூட ஒரு தடவ ரயில்ல போனத அர மணி நேரம் சொன்னாரு. ரயில்ல அவரு ஒறங்கிட்டுத்தான் வந்தாராம். அதக் கேட்டும் கை தட்டுனாங்க. லிஸ்டு வாசிச்சாங்க. எங்கண்ணனுக்கு அந்த லிஸ்டு மனப்பாடம், வாசிக்கிற ஆளுக்கு முன்னால இவன் ஒதடு அசையுது. ஒரு எடத்துல, "தப்பாச் சொல்லுதான்ட்டி, அது வேற வருசம்"னு என் காதுல சொன்னான். மூச்சு கொதிக்குது. "போவம்ணே"ன்னு சொன்னேன். மொறச்சுப் பாத்தான்.

கடசியில கூப்பிட்டாங்க. "நம்மளோட தமிழ் சகோதரன்"னு சொல்லிக் கூப்பிட்டாங்க. பேரு சொல்லல. பேப்பர்ல பேரு இருந்துச்சு, வாசிக்கத் தெரியலியோ என்னமோ.

ஏறுனான். தடுமாறுன மாதிரி எனக்கு இருந்துச்சு, ஆனா மைக்கப் பிடிச்சதும் நேரா நின்னுட்டான். ஆரம்பிச்சான். அய்யோ. நான் எப்பிடிச் சொல்ல. அந்தக் காய்ச்சல்லயும் கொரலு பொன்னு மாதிரி வந்துச்சு. முன்னால ஒக்காந்திருந்தவங்க போன எறக்கி வெச்சிட்டுப் பாத்தாங்க. பல்லவி முடிஞ்சு, மொத சரணம் முடிஞ்சு, நடுவுல மியூசிக் போவுது, அவன் கண்ண மூடி நிக்கான். வாசல்ல ஒரே சலசலப்பு. பெரிய விருந்தாளி ஒருத்தரு அப்பத்தான் வாராராம். கரோக்கே போடுற ஆளு என்ன செஞ்சான் தெரியுமா? மியூசிக்க அப்பிடியே மெதுவாக் கொறச்சு நிப்பாட்டிட்டான். அறிவிக்கிற பொண்ணு சிரிச்சுக்கிட்டே வந்து எங்கண்ணன் கையில இருந்து மைக்க வாங்கிச்சு. எல்லாரும் எந்திரிச்சு அந்த ஆளுக்குக் கை தட்டுதாங்க. எங்கண்ணன் மேடையில ஓரமா நிக்கான். எறங்கணுமா வேண்டாமான்னு தெரியாம நிக்கான். பொன்னாட போடுற போட்டோவுல இடைஞ்சலா இருக்கான்னு ஒருத்தரு தோளப் பிடிச்சு எறக்கி விட்டாரு.

பொறவு அவனக் கூப்பிடவே இல்ல.

பஸ்ல வரும்போது நான் அழுதேன். அவன் சிரிச்சான். "ஏட்டி, எதுக்கு அழுத? இந்தத் தேதியில பாட்டு ஒலகத்துல பாதிப் பாட்டு பாடுன மொத ஆளு நான்தான். அடுத்த வருசம் லிஸ்டுல சேத்திருவோம்." சொல்லிட்டு என் தோள்ல தலைய வெச்சான். சுட்டுச்சு.

மறுநாள் காலையில கண்ணு மஞ்சளா இருந்துச்சு. ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சின்ன வயசு டாக்டரு, பொறுமையாத்தான் கேட்டாரு. என்ன வேல, எங்க வேலன்னு கேட்டாரு. "எலிப்பனி குளிக எடுத்திருந்தோ?"ன்னாரு, எலிக்காய்ச்சல் மாத்திர போட்டானான்னு. பக்கத்துல அம்மா நிக்கா. அம்மாவும் அவன் ஒழுங்கா போடுதான்னுதான் நெனச்சிட்டு இருந்தா. சேச்சி நோட்டுல டிக் இருக்கு. என் வாயி பழக்கத்துல சொல்லிருச்சு. "எடுத்தான் சார். வாரா வாரம் எடுத்தான்."

டாக்டரு தலைய ஆட்டி எழுதிக்கிட்டாரு.

ரத்தம் எடுத்தாங்க. டெங்குவா இருக்குமோன்னு பேசிக்கிட்டாங்க. எலிக்காய்ச்சல்னு அவங்க கண்டுபிடிச்சது அதுக்கு அடுத்த நாளு. மருந்து ஏத்துனாங்க, மூத்திரம் நின்னு போச்சு, மெஷின் வெச்சாங்க. அஞ்சாம் நாளு போயிட்டான். நான் அன்னைக்கு உண்மயச் சொல்லியிருந்தா ஒரு நாளு மிச்சமாயிருக்குமா, அதுல அவன் பொழச்சிருப்பானா, எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் அப்பிடிச் சொல்லல. யாருகிட்டயும் நான் கேக்கவும் இல்ல. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?

சங்கத்துக்கு ஒரு வாட்ஸப் குரூப்பு உண்டு. அண்ணன் போன்ல இருந்து நான்தான் அதுல தகவல் போட்டேன். பதினேழு பேரு கையெடுத்துக் கும்பிடுற படம் போட்டாங்க. அதுக்குக் கீழயே ஒருத்தரு, எல்லாருக்கும் இனிய ஞாயிறுன்னு பூவப் போட்டாரு.

இந்த வருசம் லிஸ்டுல ஒரு வரி சேக்கச் சொல்லி போன வாரம் செக்ரட்டரி சாருக்குப் போன் பண்ணேன்.

"சார், போன வருசம் தமிழ்ப் பாட்டு பாடுன பையனோட தங்கச்சி."

"ஆ... சொல்லு மோளே."

"அவன் பாடுனது அன்னைக்குத்தான் சார். லிஸ்டு வாசிக்கிறப்ப அவன் பேரையும் ஒரு தடவ..."

"மோளே, வருத்தம் உண்டு. ஆனா அது லெஜண்ட்ஸோட லிஸ்டல்லே? ஒரு பாட்டு பாடுனவரயெல்லாம் சேத்தா எங்கன தீரும்?"

"ஒரு பாட்டு இல்ல சார். பாதிப் பாட்டு. மீதிய நீங்கதான நிப்பாட்டுனீங்க."

யாரோ கூப்பிடுதாங்கன்னு சொல்லிப் போன வெச்சிட்டாரு.

சரி, அவங்க மறக்கட்டும். ஜங்ஷன்ல நிக்கிற நம்ம ஆளுங்க மறக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். மறக்கலதான். எப்பிடி நெனப்பு வெச்சிருக்காங்கன்னு இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன்.

மெஸ்ஸுக்குப் போற வழியில அந்த ஸ்பீக்கர் சத்தத்துக்கு நடுவுல ஆஷா சேச்சி மாத்திரப் பையோட நிக்காங்க. மழ தொடங்கிருச்சு, குழியெல்லாம் தண்ணி. நம்ம ஆளுங்க ஒருத்தரும் கைய நீட்டல.

"வேண்டாம் சேச்சி, கொண்டு போங்க."

"அண்ணாச்சி, குளிக கழிக்கணும். தண்ணியில எறங்குன்னவரல்லே."

"என்ன புண்ணியம்? ரேடியோ வாரம் தவறாமப் போட்டான். அவனே போயிட்டான். சும்மா எதுக்கு, வயித்தப் புண்ணாக்கவா?"

"ஆமா, அவன விட ஒழுங்காப் போட்டவன் யாரு இங்க?"ன்னு இன்னொருத்தரு.

சேச்சி நீட்டுன மாத்திரயத் திரும்பப் பையில போட்டாங்க. அவங்க நோட்டும் அதத்தான சொல்லுது. அண்ணன் செத்த அன்னைக்கு எங்க ரூம்ல வந்து ஒக்காந்து, நான் குடுத்த குளிக வேல செய்யலியே மோளேன்னு அழுதவங்க அவங்க. அப்பவும் நான் வாயத் தெறக்கல. அவங்களுக்கு நான்தான் தண்ணி கொண்டு குடுத்தேன்.

எங்கண்ணன் பாடுனது ஒருத்தனுக்கும் நெனப்பில்ல. காலையில நின்னு சிரிக்க வெச்சது நெனப்பில்ல. மாத்திர போட்டும் செத்தவன், அது ஒண்ணுதான் மிச்சம். அதுவும் நான் சொன்ன பொய். அந்தப் பொய்ய நம்பி இத்தன பேரு வெறுங்காலோட அந்தத் தண்ணியில எறங்கப் போறாங்க.

"அவன் போடல"ன்னேன்.

ஸ்பீக்கர் சத்தத்துல யாருக்கும் கேக்கல. டீக்கடக்காரர்கிட்ட அத நிப்பாட்டச் சொன்னேன். இன்னைக்கு எப்பிடிம்மா நிப்பாட்டன்னாரு. நானே போயி ஒயரப் பிடுங்கிட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

"எங்கண்ணன் மாத்திர போடல. தொண்ட கெட்டுரும்னு நாலு வாரம் போடல. போட்டான்னு சேச்சிகிட்ட நான் பொய் சொன்னேன். டாக்டருகிட்டயும் சொன்னேன்."

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"ன்னாரு ஒரு அண்ணாச்சி. அவரு எங்கண்ணன் கூட ஒரே குழியில நின்னவரு. அவரு என் மூஞ்சியவே பாத்தாரு. கிறுக்கு இல்லன்னு தெரிஞ்சிருக்கும். காறித் தரையில துப்புனாரு. என்னையா, மழத் தண்ணியையா, தெரியல.

சேச்சி என்னத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. பக்கத்துல வரவும் இல்ல. பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, அந்த அண்ணாச்சி முன்னால போயி மாத்திரய நீட்டுனாங்க. அவரு வாங்கி டீக்கட பெஞ்சில ஒக்காந்து, ரெண்டு பன்னு தின்னு, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சு முழுங்குனாரு. மத்தவங்கள்ல பாதிப் பேரு வாங்குனாங்க. பாதிப் பேரு வண்டியில ஏறிட்டாங்க. கடக்காரரு மறுபடியும் ஒயர சொருகிட்டாரு.

நான் இன்னைக்கு வேலைக்குப் போகல. சாயங்காலம் அம்மா வேல பாக்குற வீட்டுல இருந்து வருவா. ஜங்ஷன்ல யாராவது சொல்லுறதுக்கு முன்னால நான் சொல்லணும். அவ என்ன செய்வாளோ. அதுக்கு முன்னால இத எழுதிரணும்னு ஒக்காந்தேன்.

இதப் படிக்கிறவங்க கோயிலுக்குப் போறவங்களா இருந்தாலும், பள்ளிவாசலுக்குப் போறவங்களா இருந்தாலும், சர்ச்சுக்குப் போறவங்களா இருந்தாலும், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். எனக்காக ஒண்ணும் கேக்க வேண்டாம், என் பாட்ட நானே பாத்துக்கிடுதேன். அவன் ஒரு தப்பும் செய்யல, பாடணும்னு ஆசப்பட்டான், அவ்வளவுதான். பேரு தெரியலன்னா பரவால்ல, குழி தோண்டுன ஒரு தமிழ்ப் பையன்னு சொன்னாப் போதும், சாமிக்கு ஆளு தெரியும். எங்கண்ணனுக்காக எல்லாரும் ஒரு நிமிசம் வேண்டிக்கிடுங்க.